பலெர்மோவுக்குத் தகரம் கொண்டுபோனேன்

விமான நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். மேலே தேயிலைப் பைக்கற்றுகள். அதற்குக் கீழே உடுப்பு. உடுப்புக்குக் கீழே பழைய துவாய் ஒன்றில் சுற்றிய தகரத் துண்டுகள். அதிகாரி ஒரு துண்டை வெளியே எடுத்தான். கையகலம். மேல் விளிம்பில் ஆணி ஓட்டை. பச்சைப் பெயின்றில் தமிழ் எழுத்து. இது என்ன என்று கேட்டான்.

எனக்கு இத்தாலி பாஷையில் கொஞ்சச் சொல் தெரியும். முந்தி ஒருக்கால் இந்த நாட்டுக்கு வர வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரன் பாடமாக்க விட்டவை. வேலை. நன்றி. பயம். செத்தவர்கள். அகதி விசாரணையில் கேட்டால் சொல்ல வேண்டும் என்று பழக்கினான். அந்த முறை நான் வந்து சேரவில்லை. இந்த முறை ஒரு சொல் உதவியது.

"மோர்த்தி" என்றேன். செத்தவர்கள்.

அவன் தகரத்தைத் துவாய்க்குள் திருப்பி வைத்தான். எடுத்ததை விட மெதுவாக வைத்தான். பிறகு தேயிலையை மணந்து பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

நான் மன்னார் ஆள். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இத்தாலிக்கு என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் நைரோபியில் ஒரு அறையில் என்னை விட்டுவிட்டுக் காணாமல் போனான். கராஜ் ஒன்றில் ஒட்டிக்கொண்டேன். பிறகு மேற்குக் கென்யாவில், காட்டு ஓரத்தில் உள்ள ஒரு உல்லாசப் பயணிகள் முகாமில் வாகனம் ஓட்டவும் திருத்தவும் ஆள் தேவை என்றார்கள். போனேன். அங்கேயே நரைத்தும் விட்டேன். அக்கா பற்றிமா போர் முடிந்த பிறகு ஒரு சொந்தக்காரரின் உதவியில் பலெர்மோவுக்கு வந்து, வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். நான் வர நினைத்த ஊருக்கு அக்கா வந்து சேர்ந்தார்.

தகரத்தின் கதையை முதலே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பயணமே போனேன்.

எங்கள் காடு இரண்டு காடு. ஒன்று தானாக நின்ற காடு. அதை ஒருவரும் நடவில்லை. மரங்களின் மேல் அத்தி ஏறி மரத்தையே விழுங்கி நிற்கும். வெள்ளைச் சால்வை போர்த்த மாதிரிக் கறுப்புக் குரங்குகள் கிளைக்குக் கிளை பாயும். பெரிய சொண்டுப் பறவை பறந்தால் பழைய லொறி மேட்டில் ஏறும் சத்தம் வரும். விடிய முதலே வெள்ளைக்காரர் வந்து, வழிகாட்டிப் பெடியன்களின் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள். அந்தக் காசில்தான் ஊரில் பல வீட்டு அடுப்பு எரிகிறது. என்னுடையதும்.

மற்றது நட்ட காடு. முதல் காட்டைச் சுற்றி இருக்கிறது. பைன், சைப்பிரஸ், யூக்கலிப்டஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். அதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. குரங்கும் தங்காது. ஆனால் ஊருக்கு விறகும் பலகையும் கம்பமும் அதிலிருந்துதான். அது இல்லாவிட்டால் சனம் கோடரியோடு மற்றக் காட்டுக்குள் இறங்கும். வெட்டுவதற்கென்றே நட்ட காடு அது. அங்கே சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அத்தான் போரின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம் போனவர். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் சேமக்காலைக்குப் போக, அக்காவுக்குப் போக இடமில்லை. ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்.

"தம்பி, நீ காட்டிலைதானே இருக்கிறாய். அவரின்ரை பேரிலை ஒரு மரம் வையன்."

"என்ன மரம் அக்கா?"

"கெதியா வளருற மரம். வருஷா வருஷம் படம் எடுத்து அனுப்பு. வளருறதை நான் பாக்க வேணும்."

கெதியாக வளர்வது யூக்கலிப்டஸ்தான். தானாக நின்ற காட்டுக்குள் வெளியார் நட விடமாட்டார்கள். நட்ட காட்டில் ஒரு பகுதி புதிதாக நடப்பட்டுக்கொண்டிருந்தது. வன அலுவலகத்தில் கேட்டேன், சரி என்றார்கள். நட்டு, தகரத்தில் பெயர் எழுதி, கம்பில் அடித்தேன். மரம் தடித்த பிறகு தகரம் மரத்துக்கு மாறியது. ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினேன். அக்காவின் படத்தைப் பார்த்து, பலெர்மோவில் உள்ள மற்றத் தமிழரும் கேட்டார்கள். கணவன், தம்பி, மகள். எல்லாம் கல்லறை இல்லாத பெயர்கள். ஒரு முழு வரிசை வந்துவிட்டது. எங்கள் பெடியன்கள் அதற்குப் பலெர்மோ வரிசை என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வருஷம் அந்தப் பகுதி வெட்டுக்கு வந்தது. மின்கம்பத்துக்கு விற்றுவிட்டார்கள். ஒரு வரிசையை மட்டும் விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நடுவில் தனியே விட்டால் காற்றுக்கு விழும் என்றார் அலுவலர். அது சரி. எனக்கும் தெரிந்ததுதான். தகரங்களை மட்டும் கழற்றி எடுத்தேன்.

அதே வருஷம்தான் பலெர்மோக்காரர் எல்லோருமாகச் சேர்ந்து, நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் லீவில், வந்து தங்கள் மரங்களைப் பார்ப்பதென்று முடிவெடுத்தார்கள்.

முகாம் முதலாளியம்மா நெக்கேசா சொன்னார்: "பக்கத்துப் பகுதியில் அதே உயரத்தில் மரம் நிற்கிறது. தகரத்தை அதில் அடி. வந்து அழுதுவிட்டு, குரங்கையும் பார்த்துவிட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நட்டம்?" அவர் கெட்ட மனுசி இல்லை. மழைக்காலம் முழுக்க அறைகள் வெறுமையாகக் கிடந்தன. பெடியன்களுக்கு வேலை இல்லை. ஆனால் பக்கத்துப் பகுதியும் சில வருஷத்தில் வெட்டுப்படும். பிறகு அதற்குப் பக்கத்தில் அடிக்க வேண்டும். நான் விடுமுறை கேட்டேன். நேரில் போய்ச் சனத்தைக் கூட்டி வரப்போகிறேன் என்று அவர் நினைத்தார். சந்தோஷமாகத் தந்தார்.

பலெர்மோவின் பெரிய ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலே முன்னால் விமான நிலைய பஸ் இறக்கிவிட்டது. அக்காவைக் காணவில்லை. அவர் ரயில் வரும் பக்கத்தில் நின்றிருக்கிறார். இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவன் ரயிலில்தான் வருவான் என்று மனதில் பட்டதாம். கண்டதும் என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"என்னடா கறுத்துப்போனாய்."

"வெள்ளையா எப்ப இருந்தனான்?"

"வாய் மட்டும் வத்தேல்லை. நட."

அல்பெர்கேரியா என்கிற பகுதியில் அக்காவின் அறை. ஒடுங்கிய ஒழுங்கை. ஒரு பால்கனியிலிருந்து எதிர்ப் பால்கனிக்கு உப்புக் கேட்டு வாங்கலாம். தலைக்கு மேல் பெட்ஷீற் காய்ந்து, வழி முழுக்கச் சொட்டியது. படியில் ஒரு கிழவர் கதிரை போட்டு, படியை மறித்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைத் திட்டினார். அவர் அக்காவைத் திட்டினார். பிறகு எழும்பி வழிவிட்டு, என் பையைத் தூக்கவும் வந்தார். தினமும் இப்படித்தான் என்றார் அக்கா.

அறைச் சுவரில் இயேசு. பக்கத்தில் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த அத்தானின் முகம். அதற்குக் கீழே வரிசையாக மரம். முழங்கால் உயரம், தோள் உயரம், தலைக்கு மேல், பிறகு நுனி படத்துக்குள் அடங்காத உயரம். எல்லாப் படத்திலும் நான் பக்கத்தில் நிற்கிறேன். மரம் வளர்ந்துகொண்டே போகிறது. நான் நரைத்துக்கொண்டே போகிறேன். கடைசியில் ஒரு ஆணி அடித்து, படம் இல்லாமல் இருந்தது.

சோறும் மீன் குழம்பும் தந்தார். சாப்பிட்டு முடியச் சொல்லலாம் என்று இருந்தேன். அக்காவின் பழக்கத்தை மறந்துவிட்டேன். யார் வந்தாலும் பையைத் திறந்து ஊத்தை உடுப்பை எடுத்துத் தோய்க்கப் போட்டுவிடுவார். ஊரிலேயே அப்படித்தான். நான் கை கழுவிவிட்டு வர, துவாய் கட்டிலில் விரிந்து கிடந்தது. அத்தானின் பெயர் எழுதிய தகரம் அக்காவின் கையில் இருந்தது.

குசினிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்தார். தகரத்தின் பின்பக்கம் மரப்பிசின் கட்டியாக ஒட்டியிருந்தது. பழைய பிறஷ் ஒன்றை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். மற்றவர் வீட்டில் சட்டி தேய்த்த கை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"விழுந்ததோ, வெட்டினவங்களோ?"

"வெட்டினவங்கள் அக்கா."

"என்னத்துக்கு?"

"லைற் கம்பத்துக்கு."

"எந்த ஊரிலை கொண்டுபோய் நட்டவங்கள்?"

"தெரியாது அக்கா. லொறியிலை போயிட்டுது."

மரப்பிசின் லேசில் போகாது. மண்ணெண்ணெய் வேண்டும். நான் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் தேய்த்தார்.

அடுத்த நாள் பல்லாரோ சந்தைக்குக் கூட்டிப்போனார். ஒழுங்கை முடிகிற இடத்தில் சந்தை தொடங்குகிறது. பாட்டுப் பாடுகிற மாதிரிக் கூவி விற்கிறார்கள். வாள் மூக்கு மீனின் தலையை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் அதன் உடலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடலை மாவைத் தட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். பனெல்லே. எங்கள் கடலை மாதான், கொஞ்சம் மிளகாய் போட்டால் நம்முடையதாகிவிடும். கடைக் கண்ணாடிக்குள் மாதுளை, அத்தி, தோடை எல்லாம் பாதாம் மாவில் செய்து நிறம் தீட்டி வைத்திருந்தார்கள். செத்தவர்களின் திருநாளுக்குச் செத்தவர்களே பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து தருவதாம். ஒன்று வாங்கித் தின்றேன். பல் கூசியது.

அங்கேதான் யோசேப்பு அண்ணையைக் கண்டோம். ஒரேத்தோத் தெருப் பக்கம் இருக்கிறார், உணவுக்கடை ஒன்றில் சமையல். பயணத்தை ஒழுங்கு செய்வது அவர்தான். மனைவியின் பெயர் என்னிடமுள்ள தகரம் ஒன்றில் இருந்தது.

"ஆ, காட்டு ராசா வந்திட்டார்! நீர் எப்ப வந்தனீர்? சிங்கம் கொண்டு வரேல்லையோ?"

"எங்கடை காட்டிலை சிங்கம் இல்லை அண்ணை."

"சிங்கம் இல்லாத காட்டுக்கே நாங்கள் வாறம்? பற்றிமா, உன்ரை தம்பி எங்களை ஏமாத்தப் போறான்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். அக்கா கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஞாயிறு மலைக்கு வாரும். எல்லாரும் வருவினம். இந்த வருஷப் படத்தை அங்கை காட்டும். திங்கள் பிளேன் ரிக்கற் எடுக்கிறம். எல்லாருக்கும் லீவு சரி. ரதி வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராதான் முரண்டு பிடிச்சவ, அதுவும் சரி."

அவர் போன பிறகு அக்கா சொன்னார். "சொல்லாதை."

"திங்கள் ரிக்கற் எடுக்கினம் அக்கா."

"எடுக்கட்டும். போய் நிண்டு அழட்டும். எந்த மரமெண்டால் என்ன? அவையளுக்கு மரம் பேர் சொல்லுமே?"

முதலாளியம்மா சொன்னதையே அக்காவும் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

"நீங்கள் வந்து வேறை மரத்துக்கு முன்னாலை நிப்பியளோ?" என்று கேட்டேன்.

அக்கா கத்தரிக்காயை வாங்காமலே நடந்தார்.

சனிக்கிழமை அக்கா வேலை செய்யும் வீட்டுக்குப் போனோம். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு சின்னக் காரை நடு ரோட்டில் விட்டுவிட்டு எவனோ போயிருக்கிறான். டிரைவர் ஹோர்ன் அடித்தான். பால்கனிகளில் சனம் வந்து நின்று பார்த்தது. காரின் சொந்தக்காரன் தலைமயிர் வெட்டிக்கொண்டிருக்கிறான், பாதியில் வரமாட்டான் என்று ஒரு பெண் மேலேயிருந்து கூவினாள். கென்யாவில் மட்டாட்டு என்கிற பயணிகள் வான் சேற்றில் புதைந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவது வழக்கம். நான் இறங்கினேன். என்னைப் பார்த்து நாலைந்து ஆண்கள் இறங்கினார்கள். காரின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிக் கரைக்கு நகர்த்தினோம். பஸ்ஸுக்குள் கை தட்டினார்கள். அந்தப் பயணம் முழுக்க நான் செய்ததில் ஒருவரும் வருத்தப்படாத வேலை அது ஒன்றுதான்.

வீட்டுக்கார அம்மா, அக்கா சொல்லும் சிஞ்ஞோரா, நடக்க முடியாத வயது. சன்னலோரக் கதிரையில் இருந்தார். அக்கா மொழிபெயர்த்தார்.

"நீ சிங்கத்தைத் தொட்டிருக்கிறாயா?"

"எங்கள் காட்டில் சிங்கம் இல்லை."

"யானை?"

"இல்லை."

"அப்படியென்றால் யார் வருகிறார்கள்?"

"பறவைச் சத்தம் கேட்க வருகிறார்கள். மரம் பார்க்க வருகிறார்கள்."

சிஞ்ஞோரா அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "உன் மரத்தைப் போல. நீ போய்வா. நான் என் மகளோடு சமாளிப்பேன். அவள் சமைப்பதைத் தின்று நான் செத்தால், எனக்கும் ஒன்று நடச் சொல்." அவரே சிரித்தார். அக்கா சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்து முடித்ததும் குளியலறையைக் கழுவப் போய்விட்டார். வழக்கத்தை விட அதிக நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஞாயிறு செத்தவர்களின் திருநாள். கல்லறை உள்ளவர்கள் பூவோடு சேமக்காலைக்குப் போனார்கள். இல்லாதவர்கள் மொந்தே பெல்லகிரினோ மலைக்கு ஏறினோம். மேலே குகைக் கோயிலில் இந்த நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா இருக்கிறார். நம்மவர்களில் சைவக்காரரும் கிறிஸ்தவ வேதக்காரரும் சேர்ந்தே ஏறுகிறார்கள். சில பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்கள். கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து போகிறது. நகரமும் கடலும் கீழே இறங்கிக்கொண்டே போனது.

பாதையோரம் பைன் மரங்கள். சில இடத்தில் கரிக்கட்டையாக நின்றன.

"இதுவும் நட்டதுதானாம்" என்றார் யோசேப்பு அண்ணை. "முந்தி மொட்டை மலையாம். ஒரு கோடை நெருப்பிலை இந்தப் பக்கம் எரிஞ்சு போயிட்டுது."

கொஞ்சம் மேலே போக யூக்கலிப்டஸ் மணந்தது. ரதி நின்று மூச்சை இழுத்தாள். யாழ்ப்பாணப் பிள்ளை. அவளுடைய தம்பியின் பெயர் என் பையில் இருந்தது. கீழே கிடந்த இலை ஒன்றைக் கசக்கி என்னிடம் நீட்டினாள்.

"அண்ணா, எங்கடை வரிசையும் இப்பிடித்தானே மணக்கும்?"

நான் இலையை வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். குகைக்கு வெளியே சாப்பாட்டுப் பார்சல்களை விரித்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் மரப் படத்தைச் சுவரோரம் சாத்தி வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். அக்கா இந்த முறை படம் கொண்டு வரவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"சரி தம்பி, புதுப் படத்தைக் காட்டும்" என்றார் யோசேப்பு அண்ணை.

நான் துவாயை எடுத்து நிலத்தில் விரித்தேன்.

"மரங்களை வெட்டிப்போட்டினம். பேர் எழுதின தகரம் மட்டும் கொண்டந்திருக்கிறன். திங்கள் ரிக்கற் எடுக்க முதல் சொல்ல வேணுமெண்டு வந்தனான்."

பின்னால் ஒரு சின்னப் பிள்ளை எதையோ கேட்டு அழுதது. பிறகு ரதி சொன்னாள்.

"அப்ப என்ரை தம்பியை இன்னொருக்காலும் இல்லாமல் பண்ணிப்போட்டியள்."

யோசேப்பு அண்ணை என் பக்கம் திரும்பினார். "நீர் அங்கை இருந்து என்ன காவல் காத்தனீர்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது வெட்டுகிற காடு என்றேன். அதை வெட்டுவதால்தான் மற்றக் காடு நிற்கிறது என்றேன். விறகுக்கும் கம்பத்துக்கும் சனம் எங்கே போகும், அத்திமரத்தையும் குரங்கையும் பார்க்க வருகிறவர்கள் பிறகு எங்கே போவார்கள் என்றேன். முகாமில் பெரிய ஆட்கள் பயணிகளுக்குச் சொல்வதைப் பக்கத்தில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கே கேட்டபோது நல்ல கதையாக இருந்தது. அந்த மலையில் என் வாயால் வந்தபோது நன்றாக இல்லை.

"குரங்கு இருக்க வேணும் எண்டதுக்கு எங்கடை ஆக்கள் கம்பமாப் போச்சினம்" என்றார் யோசேப்பு அண்ணை.

"அடியிலை துளிர்க்காதோ?" ஒரு வயதான அம்மா கேட்டார்.

"துளிர்க்கும் அம்மா. அதை வளர விட்டுத் திரும்ப வெட்டுவினம்."

அவர் தலையை ஆட்டினார். முதலில் அவர்தான் குனிந்து தன் தகரத்தை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். ரதி தன் தம்பியின் தகரத்தைப் படத்தோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்தாள். யோசேப்பு அண்ணை எடுக்கவில்லை. மனைவியின் பெயர் துவாயில் தனியே கிடந்தது. அக்கா அதை எடுத்து அவருடைய ஜக்கற் பொக்கற்றுக்குள் வைத்தார். அவர் தடுக்கவில்லை.

சோற்றுப் பார்சல் பலது பிரிக்காமலே திரும்பியது. இறங்கும்போது ஒருவரும் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. எனக்கு முன்னால் பத்தடியில் அக்கா போனார். நான் எட்டி நடக்க, அவரும் எட்டி நடந்தார்.

திங்கள் ரிக்கற் எடுக்கவில்லை. முதலாளியம்மாவுக்குப் போன் எடுத்தேன். சுவாஹிலியில் "போலே" என்றார், ஐயோ பாவம் என்கிற மாதிரி. கென்யாவில் கல் தடுக்கினாலும் அந்தச் சொல்தான், சாவு வீட்டிலும் அந்தச் சொல்தான். எனக்காகச் சொன்னாரா, முகாமுக்காகச் சொன்னாரா தெரியாது. வழிகாட்டிப் பெடியன்கள் தமிழில் "வாங்கோ" சொல்லப் பழகியிருந்தார்கள். நான்தான் பழக்கினேன்.

மிச்ச நாட்கள் அக்கா வேலைக்குப் போனார். நான் ஊரைச் சுற்றினேன். கடற்கரைப் பக்கத்துச் சதுக்கம் ஒன்றில் பெரிய அத்தி நிற்கிறது. விழுது இறக்கி, விழுதே மரமாகி, சுற்றிக் கம்பி வேலி. வெள்ளைக்காரர் வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கிறார்கள். எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டதாம். நட்டதுதான், ஆனால் ஒருவரும் வெட்டவில்லை. ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எனக்கு அதன் மேல் கொஞ்சம் கோபம் வந்தது. மரத்தோடு கோபித்து என்ன செய்வது. ஐஸ்கிறீமைப் பணிசுப் பாணுக்குள் வைத்து விற்றார்கள், வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

யோசேப்பு அண்ணை வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ரீவி சத்தம் கேட்டது. திறக்கவில்லை. தேயிலைப் பைக்கற்றைக் கதவடியில் வைத்தேன்.

போகிற நாள் அக்கா அரை நாள் லீவு எடுத்து ஸ்தாசியோனே வரை வந்தார். பஸ் நின்றது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இனிப் பேசாவிட்டால் பேச முடியாது.

"அக்கா, தானா நிக்கிற காட்டின்ரை ஓரத்திலை, முந்தி மாடு மேய்ச்சுப் பாழாப்போன ஒரு துண்டு கிடக்கு. அதிலை இப்ப வைக்க விடுகினம். காட்டு மரக் கண்டு மட்டும்தான். அதை ஒருத்தரும் வெட்டமாட்டினம். பேர் அடிக்கவும் விடமாட்டினம்."

"பேர் இல்லாமலோ?"

"ஓம். எந்தக் கண்டு எண்டு எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு ஒருத்தருக்கும் தெரியாது."

அக்கா பஸ் டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தானே கெதியா வளர வேணுமெண்டு கேட்டனான்" என்றார். "இல்லாட்டில் நீ அப்பவே இதை வைச்சிருப்பாய்."

அந்த நேரம் அந்தத் துண்டில் மாடுதான் மேய்ந்தது. ஆனால் அதை இப்போது சொல்லி என்ன.

"நத்தாருக்கு நீங்கள் மட்டும் வாங்கோவன்."

"வந்து? கட்டையைப் பாக்கவோ? வேண்டாம். நான் லீவைச் சிஞ்ஞோராவுக்குத் திருப்பிக் குடுத்திட்டன்."

டிரைவர் சிகரெட்டை எறிந்துவிட்டு ஏறினான்.

"இது மெல்லமாத்தான் வளரும் அக்கா. படம் எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆளுயரம் வரவே வருஷக் கணக்கா எடுக்கும். நீங்களும் நானும் இருக்கிற காலத்திலை பெரிய மரமா வராது."

அக்கா என் பையின் சிப்பை இழுத்துச் சரியாகப் பூட்டினார். பிறகு, மலையிலிருந்து இறங்கியதற்குப் பின் முதல் தடவையாக, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வராட்டில் என்ன. உன்ரை அத்தான் கலியாணப் படத்துக்கே எனக்குப் பக்கத்திலை ஸ்ரூல் போட்டு ஏறி நிண்டவர். கட்டையாவே நிக்கட்டும். வை."